சமூக மீள்திறன் பற்றிக் குறும்படம் எடுக்கும் இளையோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளம், நிலநடுக்கம், கடும் வெப்பம், நோய்ப்பரவல், வேலையிழப்பு போன்ற அடிகளைத் தாங்கிக்கொண்டு ஒரு சமூகம் எப்படி மீண்டும் எழுகிறது என்பதைக் குறும்படமாக்க விரும்பும் இளையோருக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளே இங்கே இடம்பெறுகின்றன. சில விடைகள் நீளமாகவும் சில இரண்டு மூன்று வரிகளிலும் இருக்கும். கேள்வியின் கனம் அப்படி.

சமூக மீள்திறன் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017-இல் ஏற்றுக்கொண்ட விளக்கத்தின் சாரம் இது: இடருக்கு ஆளாகும் ஒரு சமூகம் அதை எதிர்த்து நின்று, தாக்கத்தை உள்வாங்கி, தன்னை மாற்றிக்கொண்டு, அடிப்படை அமைப்புகளைக் காத்தபடி உரிய காலத்தில் மீள்வதற்கான திறனே மீள்திறன். கொள்கை வகுப்பவர்களுக்கு இது போதும். கேமராவைக் கையில் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. எங்கே திருப்புவது என்று இந்த விளக்கம் சொல்லாது.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புப் படையினர் வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது. நில அதிர்வு மையத்துக்கு அருகிலிருந்த அவாஜி தீவில், எந்த வீட்டில் யார் எந்த அறையில் உறங்குவார் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்ததால், எங்கே தோண்ட வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை. அந்த அறிவு நிலநடுக்கத்தன்று பிறந்ததன்று. பல ஆண்டுகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்ததில் சேர்ந்தது. ஆகவே எங்கள் வகுப்புகளில் மீள்திறன் என்பதை ‘முன்பே இருந்த ஏற்பாடு’ என்றே சொல்லித் தருகிறோம். இந்தப் பக்கத்தில் வரும் ஏனைய விடைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் படமாக்குவது?

ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவதற்குக் காரணம், நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஒரு பயிற்சியின்போது நான்கு மாணவர்கள் வெள்ளத்தில் வீடு மூழ்கிய ஒரு முதியவரிடம் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்து வந்தார்கள். அவர் இரண்டு இடங்களில் கண்கலங்கினார். அந்த இரண்டு இடங்களையும் மாணவர்கள் பத்திரமாகக் குறித்து வைத்திருந்தார்கள். பதிவை ஓடவிட்டபோது, அவர் பேச்சினிடையே வலக்கையை அடிக்கடி பின்னால் கொண்டுபோய்க் கதவு நிலையைத் தடவுவதைக் கவனித்தோம். கை போன இடம் ஃபிரேமுக்கு வெளியே இருந்தது. மறுநாள் திரும்பிப் போய்ப் பார்த்தால், நிலையின் மரத்தில் ஆணியால் கீறிய ஏழு கோடுகள். தண்ணீர் ஏறிய இரவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். முதல் மூன்று கோடுகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி. அதற்குமேல் இடைவெளி குறுகிக்கொண்டே போய், கடைசி இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. தண்ணீர் ஏறும் வேகம் தணிகிறது என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்தே அறிந்து, மாடியில் இருந்த பதினோரு பேரையும் இருட்டில் வெளியே இறங்கவிடாமல் விடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார். இறுதிப் படத்தில் அவர் அழும் காட்சி எதுவும் இல்லை. அந்தக் கோடுகளின் மேல் அவருடைய கட்டைவிரல் கீழிருந்து மேலாக நகரும் 22 வினாடிகள் மட்டும் இருந்தன.

கைகளைப் பாருங்கள், பிறகு பொருள்களைப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் எழுதிய நோட்டு, கயிறு மாட்டிய கொக்கி, மருந்து வேளை குறித்த காகிதம், மூன்று வீடுகளுக்குப் பொதுவான ஏணி ஆகிய ஒவ்வொன்றும், யாரோ முன்கூட்டி யோசித்ததற்கான சான்று.

பேச்சும் ஓர் ஏற்பாடாக இருக்க முடியும். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் ஆழிப்பேரலை தாக்கியதன் நினைவு ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லில் தங்கிவிட்டது. நிலம் வலுவாக அதிர்ந்து, கடல் பின்வாங்கினால், உடைமைகளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஆழிப்பேரலைக்குப் பலியானவர்கள் ஏழு பேர் என்றே பதிவாகியுள்ளது. ஒரு பாட்டி பேரக்குழந்தையைத் தூங்கவைக்கும் காட்சி பேரிடர் மேலாண்மை பற்றிய காட்சியாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பேரிடர் நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் படம் எடுப்பவர்கள் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இடிந்த வீடும் சேறும் கேமராவுக்குக் கவர்ச்சியானவை. அவை படத்தை எளிதில் விழுங்கிவிடும்.

சத்தமில்லாத இடர்கள் நிறைய உள்ளன. 1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. சுவர் இடியவில்லை, பாலம் உடையவில்லை. பூட்டிய அறைகளுக்குள் தனியாக இருந்த முதியவர்கள் இறந்துகிடந்தார்கள். ஒன்றையொன்று ஒட்டியிருந்த, ஏறக்குறைய ஒரே அளவு வறுமையும் ஒரே அளவு தனித்து வாழும் முதியவர்களும் கொண்ட இரண்டு குடியிருப்புப் பகுதிகளைச் சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் ஒப்பிட்டார். கடைகளும் ஆள்நடமாட்டமும் நிறைந்த தெருக்களைக் கொண்ட பகுதியில் இறப்பு வெகு குறைவாக இருந்தது. முதியவர்கள் அச்சமின்றி வெளியே வரவும், குளிர்ச்சியான ஓரிடத்தில் உட்காரவும், வராதவரைப் பற்றி யாரேனும் விசாரிக்கவும் அந்தத் தெருக்கள் இடம் கொடுத்தன. இதைப் படமாக்க ஒரு தெருவின் ஒரு மாலைப்பொழுது போதும்.

இதை இளையோர் ஏன் எடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

ஒளிப்பதிவு நன்றாக இருக்கும், ஐயமில்லை. ஆனால் தொழில்முறைக் குழு மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும். நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். மின்தடை வரும் இரவிலும், கூட்டத்தில் வாக்குவாதம் முற்றும் நேரத்திலும் அருகில் இருப்பவர் நீங்கள்தான்.

பேரிடர் அபாயக் குறைப்புக்காக 2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் ஏற்ற, 2030 வரை நடப்பில் உள்ள செயற்சட்டகம், சிறுவர்களையும் இளையோரையும் மாற்றத்தின் முகவர்கள் என்றே குறிப்பிடுகிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2011 மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, அதே வடகிழக்குக் கடற்கரையில் உள்ள கமாய்ஷி நகரில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் உத்தரவுக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்த, ஏற்கெனவே குறிக்கப்பட்ட இடம் பாதுகாப்பாகத் தோன்றாததால், சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள், தப்பினார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்த பயிற்சியின் விளைவு அது. இளையோருக்கு இந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல ஏதும் இல்லை என்று யாராவது சொன்னால் கமாய்ஷியைச் சொல்லுங்கள்.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்த இடத்தில் படம் எடுப்பவருக்குப் பழகிப்போனது கண்ணில் படாது. குழுவில் ஒருவராவது அந்தப் பகுதிக்குப் புதியவராக இருந்தால், அவர் ‘இது எதற்கு இங்கே தொங்குகிறது?’ என்று கேட்பார். பாதிப் படம் அந்தக் கேள்வியிலிருந்தே கிடைத்துவிடும்.

இப்படி மக்களோடு சேர்ந்து படம் எடுப்பதற்கு முன்னோடி உண்டா?

உண்டு. 1967-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில் நடந்த முயற்சியைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மீன்பிடித் தொழில் நலிந்து, தீவு மக்களை வேறு இடத்துக்குக் குடிபெயர்க்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்ற இயக்குநர், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளர்களோடு சேர்ந்து, தீவின் சிற்றூர்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். ‘பிரச்சினை இன்னது’ என்று தலைப்புப் போட்டுப் பத்துப் பேரின் பேச்சைத் துண்டு துண்டாக ஒட்டுவதை அவர் தவிர்த்தார். ஒரு படம் ஒரு மனிதரை அல்லது ஒரு நிகழ்வை மட்டுமே பின்தொடர்ந்தது. பேசியவர்கள் முதலில் பார்த்துச் சம்மதித்த பிறகே மற்ற ஊர்களில் திரையிட்டார்கள்.

விளைவு சுவையானது. ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளாத சிற்றூர்களின் மக்கள், அடுத்த ஊராருக்கும் தம்முடைய கவலையே இருப்பதைத் திரையில் கண்டார்கள். படங்கள் அரசு அதிகாரிகளுக்கும் போட்டுக் காட்டப்பட்டன. அவர்களின் மறுமொழியும் பதிவாகித் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் குடிபெயரவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு அங்கேயே தொழிலைத் தொடர்ந்தார்கள். எல்லாப் பெருமையையும் படங்களுக்கே கொடுத்துவிட முடியாது. சங்கம் அமைக்கும் முயற்சியில் ஏற்கெனவே பலர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயினும் ஓரிடத்தில் எடுத்ததை அந்த இடத்துக்கே திருப்பிக் காட்டும் முறைக்கு ‘ஃபோகோ முறை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

படம் எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஆஸ்கர் விருது விதிகள் 40 நிமிடம் வரை குறும்படம் என ஏற்கின்றன. முதல் படத்துக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். ஒரு மனிதர், ஓர் இடம், ஓர் ஏற்பாடு என்று சுருக்கிக்கொண்டால் எட்டு நிமிடமே நிறைய என்று தோன்றும்.

எழுதிய திரைக்கதை இல்லாமல் தொடங்கலாமா?

ஆவணப்படமானால் முழுத் திரைக்கதை தேவையில்லை. ஆனால் ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும். அதில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: யார் என்ன செய்கிறார், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், அது எந்த நாளில் எந்த நேரத்தில் நடக்கிறது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தன்னார்வலர்கள் மாதத்தில் ஒரு நாள் மட்டும் அவசரகாலப் பொருள்களைச் சரிபார்க்கிறார்கள் என்றால், அந்த நாளைத் தவறவிட்டவர் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் ‘எனக்காக ஒருமுறை செய்து காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும். அப்படிச் செய்து காட்டும்போது மனிதர்கள் விறைப்பாகிவிடுவார்கள்.

கேமரா இல்லாமல் இரண்டு முறையாவது போய்வாருங்கள். முதல் முறை நீங்கள் விருந்தாளி. இரண்டாம் முறை ஏதாவது ஒரு வேலையை உங்கள் கையில் கொடுப்பார்கள். அதன்பின் கேமராவை எடுத்தால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

என்ன கருவிகள் தேவை?

கைபேசி போதும். போதாமல் போவது பெரும்பாலும் ஒலிதான். கொஞ்சம் மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழாவிட்டால் அரை நிமிடத்தில் எழுந்துபோய்விடுவார்கள். கையில் இருக்கும் தொகை எவ்வளவு குறைவானாலும், அதில் முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் காலர் மைக். வாயிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் அதைப் பொருத்துங்கள். அதுவும் இல்லையென்றால் இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டுப் பேசுபவரின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தொடங்கும்போது ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். படத்தொகுப்பில் அந்தத் தட்டல் ஒலியை வைத்து இரண்டு பதிவுகளையும் பொருத்திவிடலாம். ஒலி அளவு காட்டும் மானி இருந்தால், உரத்த சொற்களும் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டி முடிந்ததும் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் ஒலியை முப்பது வினாடி பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களின் இடைவெளியை நிரப்ப அதுதான் உதவும். இதை மறந்துவிட்டு வந்து புலம்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படத்தைப் பொறுத்தவரை கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். விளக்கொளியில் எடுக்கும்போது திரையில் பட்டை பட்டையாக மினுக்கினால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் வினாடிக்கு 25 ஃபிரேமும் (படச்சட்டமும்) 1/50 வினாடி ஷட்டர் வேகமும் (ஒவ்வொரு சட்டத்திலும் ஒளி விழும் நேரம்), 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் வைத்துப் பாருங்கள். குழுவில் எல்லாரும் ஒரே ஃபிரேம் வேகத்தில் எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் தொகுப்பில் காட்சி துள்ளும். 1080 தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி வரையும், 4கே தரத்தில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கும் இடம் பிடிக்கும் என்பதால், முதல் படத்துக்கு 1080 போதும். விமானப் பயன்முறையைப் போட மறக்காதீர்கள். ஒரு தாய் மகனைத் தேடிய இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்கள் கைபேசி ஒலிக்கக் கூடாது.

பதிவுகளை அன்றிரவே இரண்டாவது ஓர் இடத்திலும், வாய்ப்பிருந்தால் வேறொருவர் வீட்டில் மூன்றாவது ஓர் இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.

பேட்டியில் என்ன கேட்பது?

‘எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று தொடங்காதீர்கள். அதற்கு எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். அதைப் பல செய்தியாளர்களிடம் ஏற்கெனவே சொல்லியும் இருப்பார்கள். ‘முதலில் யாருக்குத் தகவல் சொன்னீர்கள்?’, ‘அந்த டார்ச் விளக்கு எங்கே இருந்தது?’, ‘கதவைத் தட்டியது யார்?’ என்று செயலைக் கேளுங்கள். செயலைச் சொல்லும்போது நினைவு தெளிவாகும், குரலும் மாறும். உணர்வு தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

விடையை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியைத் தொகுப்பில் எடுத்துவிட்டால் ‘ஆமாம், அப்போதுதான்’ என்ற விடைக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. அவர் பேசி முடித்தபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பலர் முக்கியமானதை அந்த ஐந்துக்குள்தான் சொல்கிறார்கள்.

இழப்பை அனுபவித்தவரிடம் கேமராவோடு போவது சரியா?

உடனே போவது சரியன்று. தேடுதலும் அடக்கமும் நடக்கும் நாள்களில் ஒரு கை கூடுதலாக இருப்பதே உதவி. அந்தக் கையில் கேமரா இருக்கக் கூடாது. பிறகு எப்போது என்பதற்கு நாள்கணக்கு இல்லை. அவரே தாமாகப் பேசத் தொடங்கியிருக்கிறாரா என்பதை அவருக்கு நெருக்கமான ஒருவரிடம் கேட்டு அறியலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கூட்டாக வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நெருக்கடியில் இருப்பவரை அணுகுவதற்கு மூன்று சொற்களைத் தருகிறது: பார், கேள், இணை. பாதுகாப்பும் அவசரத் தேவையும் என்ன என்று பார்ப்பது, வற்புறுத்தாமல் காதுகொடுப்பது, தேவையான உதவியோடு அவரைச் சேர்த்துவிடுவது. நடந்ததை விவரிக்கும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்பதை அந்தக் கையேடு அழுத்திச் சொல்கிறது. படம் எடுப்பவர் ஆலோசகர் ஆகிவிட முடியாது. ஆனால் உள்ளூரில் ஆலோசனை எங்கே கிடைக்கும் என்ற தகவல் பையில் இருக்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவர் உடைந்து அழுதால் பதிவை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும்படி கேமராவைக் கீழே வையுங்கள்.

குழுவினரும் மனிதர்கள்தான். தம் வீட்டிலேயே இழப்பைச் சந்தித்த ஒரு மாணவரிடம் அதே பொருளில் பேட்டி எடுக்கும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவராக விரும்பிக் கேட்டால் வேறு விஷயம்.

சம்மதக் கடிதம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? குழந்தைகள் படத்தில் வரலாமா?

வாங்க வேண்டும். படம் எங்கெங்கே காட்டப்படும், இணையத்தில் ஏறுமா, எதுவரை பின்வாங்கலாம் ஆகிய மூன்றும் எளிய மொழியில் அதில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழிச் சம்மதத்தைக் கேமரா முன்னாலேயே பதிவு செய்யலாம். முதல் நாள் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடியவில்லை. தொகுத்த படத்தைப் பார்த்த பிறகு இரண்டாம் முறை கேட்பதே உண்மையான சம்மதம், ஏனெனில் எதற்குத் தலையசைக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

1989-இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, தாம் விரும்பும் ஊடகத்தின் வழியே கருத்தை வெளியிடும் உரிமையைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழங்குகிறது. 16-ஆம் பிரிவு அவர்களின் அந்தரங்கத்தைக் காக்கிறது. படம் எடுக்கும் பதினாறு வயது மாணவிக்கு முதலாவது பொருந்தும்; அவர் படம்பிடிக்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கு இரண்டாவது பொருந்தும். பெற்றோரின் ஒப்புதலையும் சிறுவனின் ஒப்புதலையும் சேர்த்தே வாங்குங்கள். பள்ளிச் சீருடை, வீட்டு எண், வாகன எண் ஆகியவை ஃபிரேமில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்த நிகழ்வை நடித்துக் காட்டலாமா? செயற்கை நுண்ணறிவால் காட்சி உருவாக்கலாமா?

நடித்துக் காட்டலாம், அது நடிப்பு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அனுபவித்தவரையே திரும்ப நடிக்கச் சொல்லும்போது இருமுறை யோசியுங்கள். ஓடிய பாதையில் அவரோடு நடந்து போவது பெரும்பாலும் நடிப்பைவிட நன்றாக அமையும்.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் வெள்ளக் காட்சியை இந்த வகைப் படத்தில் சேர்க்க வேண்டாம் என்பேன். ஒரு காட்சி போலி என்று தெரிந்ததும், கதவு நிலையில் இருந்த ஏழு கோடுகளையும் பார்வையாளர் சந்தேகிப்பார். சொல்லப்பட்டதைக் கையால் வரைந்து காட்டுங்கள், அல்லது திரையைக் கறுப்பாக விட்டுக் குரலை மட்டும் ஓடவிடுங்கள்.

பின்னணி இசைக்கு என்ன செய்வது?

முப்பது வினாடிக்குள் எந்தப் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது வெறும் வதந்தி. அனுமதி பெறுங்கள், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதிக்கும் உரிமம்) கிடைக்கும் இசையை அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். அழுகைக் காட்சிக்கு வயலின் வேண்டாம்.

படத்தொகுப்பில் எங்கே தொடங்குவது?

எல்லாப் பேட்டிகளையும் எழுத்தில் இறக்குங்கள். சலிப்பான வேலைதான், குழுவாகப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். தாளில் படிக்கும்போது பேச்சின் எலும்புக்கூடு தெரியும். திரையில் பார்க்கும்போது முகம் நம்மை மயக்கிவிடும். தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் வைத்து ஒலிக்கோர்வை ஒன்று செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கதை புரிந்தால் அதன்மேல் காட்சிகளை வையுங்கள்.

இந்தப் பொருளில் தொகுப்பு செய்பவர் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. துயரம், போராட்டம், வெற்றி என்று படத்தை ஏறுமுகமாக அடுக்கி, கடைசியில் சிரிக்கும் முகங்களோடு முடிப்பது. மீட்சி அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. வீடு எழும்பிவிட்டது, கடன் இருக்கிறது. கடை திறந்துவிட்டது, அடுத்த தெரு காலியாகிவிட்டது. முடியாததை முடியாததாகவே விட்டால் படம் குறைபட்டுப் போகாது. இன்னொரு குழி, ஒருவரை மாவீரராக்குவது. முதியவர் கோடு போட்டார். ஆனால் மாடியில் இடம் கொடுத்தவர் யார், இரவெல்லாம் விளக்கைத் தூக்கிப் பிடித்தவர் யார் என்பதும் படத்தில் வர வேண்டும். தலைப்பில் ‘சமூகம்’ என்று போட்டுவிட்டு ஒருவரையே காட்டுவது பொருந்தாது.

சப்டைட்டிலை இரண்டு வரிக்குள் அடக்கி, மெதுவாகப் படிப்பவரும் முடிக்கும்வரை திரையில் நிறுத்துங்கள். காது கேளாதோருக்காகக் கதவு தட்டும் ஒலி, மழை ஒலி போன்றவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

மக்களின் மனவுறுதியைப் பாராட்டுவது, பொறுப்பானவர்கள் கைகழுவ உதவாதா?

உதவும். இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரே நல்ல படம் எடுப்பார் என்று நான் நம்புகிறேன். ‘அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், எவ்வளவு அழகு’ என்ற தொனி வந்துவிட்டால், வடிகாலைத் தூர்வாராதவர் நிம்மதியாகத் தூங்குவார்.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டார்கள். 1972-இல் செஞ்சிலுவை இயக்கத்தின் துணையோடு புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கியது. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் வீடு வீடாகப் போய் மக்களை வெளியேற்றுகிறார்கள். 2007-இல் வந்த சித்ர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். பெருந்துயரம்தான், ஆயினும் 1970-ஐ நினைத்தால் வித்தியாசம் விளங்கும். தன்னார்வலர்களின் உழைப்பு மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. வானிலை எச்சரிக்கை, கான்கிரீட் புகலிடங்கள், கரைகள் ஆகியவற்றுக்கு அரசு பணம் செலவிட்டது. கதவைத் தட்டுபவர் இருந்தும், ஓடிப்போய் நிற்கப் புகலிடம் இல்லாவிட்டால் என்ன பயன்?

ஆகவே படத்தில் ஒரு கேள்விக்காவது இடம் கொடுங்கள்: ‘இந்த வேலையை நீங்கள் ஏன் செய்ய வேண்டியிருந்தது?’ விடை குற்றச்சாட்டாக இருந்தால் அதைச் சரிபாருங்கள்; சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் விளக்கம் கேளுங்கள்; கிடைத்த விளக்கத்தையும் சேருங்கள். விளக்கம் தர மறுத்தால், கேட்ட தேதியைத் திரையில் எழுதிவிடுங்கள்.

குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தால்?

வரும். பெரும்பாலும் இயக்குநர் யார் என்பதில்தான். ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் பொறுப்புகளைச் சுழற்றுங்கள். தொகுப்பின்போது மட்டும் இறுதி முடிவை ஒருவர் கையில் விடுங்கள்.

முடித்த படத்தை முதலில் யாருக்குக் காட்டுவது?

படத்தில் வருபவர்களுக்கு. போட்டிக்கு அனுப்புவதும் இணையத்தில் ஏற்றுவதும் அதற்குப் பிறகுதான். முடிந்தால் அவர்கள் கூடும் இடத்திலேயே ஒரு சுவரில் வெள்ளைத் துணி கட்டித் திரையிடுங்கள். அப்போது திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருவர் நேரத்தோடு குறித்துக்கொள்ளட்டும். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஏழு கோடு படத்தைத் திரையிட்டபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, விளக்கைப் பிடித்திருந்தது தன் தம்பி என்று படம் சொல்வது சரியில்லை, தானே பிடித்திருந்ததாகச் சொன்னார். முதியவரும் சற்று யோசித்துவிட்டு, ‘ஆமாம், அவள்தான்’ என்றார். மாணவர்கள் படத்தை மீண்டும் கணினியில் ஏற்றி, அந்த ஒரு வரியைத் திருத்தி, அடுத்த வாரம் இன்னொரு முறை திரையிட்டார்கள்.